சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

(கிரிக்கெட் இறுதி ஆட்டத்திற்கு முந்திய ஞாயிறு மாலை, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் இருசக்கர வாகன மெக்கானிக் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். தெருமுனையில் பெரிய திரை கட்டப் போகிறீர்கள். வசூலும் ஆரம்பமாகிவிட்டது, நானும் என் பங்கைக் கொடுத்துவிட்டேன். ஆகவே விளையாட்டுக்கு விரோதி எவனோ வந்து புத்தி சொல்லுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். பகல் முழுதும் சாரத்தில் நின்றவனும், மூட்டை தூக்கியவனும், வெயிலில் ஆட்டோ ஓட்டியவனும் இரவில் நாலு நண்பர்களோடு உட்கார்ந்து கைதட்டி மகிழ்வதில் ஒரு தவறுமில்லை. அது அவனுடைய உரிமை.

நான் பேச வந்த விஷயம் வேறு. ஆட்டம் முடிந்து, திரையை அணைத்து, எல்லோரும் எழுந்து வண்டியைத் தேடுகிறார்களே, அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் என் சொந்தக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 29-ந் தேதி இரவு. பார்படாஸ் தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவை இந்தியா 7 ரன்னில் வென்றது; உங்களுக்கு நினைவிருக்கும். என் பட்டறை வாசலில்தான் டெலிவிஷனை வைத்திருந்தோம். பதினைந்து பேர் இருந்தோம். பாட்டிலும் இருந்தது. நான் குடிப்பதில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஆட்டம் முடிந்தது. ஒரே ஆரவாரம், பட்டாசு! எங்களோடு இருந்த ஒரு பையன் தன் வண்டிச் சாவியைத் தேடினான். கிடைக்கவில்லை. நான்தான் டார்ச் அடித்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து அதை எடுத்து, அவன் கையில் கொடுத்தேன். "பார்த்துப் போப்பா" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன்.

இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை. இரவுக் காவல் வேலைக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் மீது மோதிவிட்டான். பையனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பிழைத்துக்கொண்டான். பெரியவர் பிழைக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய தூக்குவாளி சாலையோரம் கவிழ்ந்து கிடந்தது. அவருக்குக் கிரிக்கெட்டும் தெரியாது. அன்றிரவு ஆட்டம் நடந்ததும் தெரியாது. நம்முடைய சந்தோஷத்திற்கு அவர் உயிரைக் கொடுத்தார்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சாவியைக் கொடுத்தது யார்? நான் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. பதினைந்து பேரில் தெளிவாக இருந்த ஒருவன் நான்தான். அந்த ஒருவனே சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தான் என்றால், குடித்தவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

தோழர்களே! இதை ஒரு தனி மனிதனின் கெட்ட நேரம் என்று தள்ளிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். சாலையில் சாகிறவர்களில் பெரும்பகுதி யார்? நம்மைப் போல ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்கள், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள்.

பம்பாய் நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். 2006 நவம்பர் 12-ந் தேதி, விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, பாந்திரா பகுதியில் கார்ட்டர் ரோடு என்ற சாலையின் நடைபாதையில் தொழிலாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வாலிபன் ஓட்டிவந்த கார் அவர்கள்மீது ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவனின் இரத்தத்தைச் சோதித்தபோது 100 மில்லிக்கு 112 மில்லிகிராம் மது இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. இது வெறும் கவனக்குறைவு அல்ல, மரணம் விளையக்கூடும் என்று தெரிந்தே செய்த காரியம் என்று தீர்மானித்து, மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை 2012-இல் அந்தக் கோர்ட் உறுதி செய்தது.

112 என்ற அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "அவன் பணக்கார வீட்டுப் பிள்ளை, எக்கச்சக்கமாகக் குடித்திருப்பான், நாங்கள் ஒரு குவார்ட்டரோடு நிறுத்துகிறவர்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் குவார்ட்டரின் கணக்கைத்தான் பார்ப்போமே.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவிகிதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அதில் சுத்தமான மது 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஒருவன் இதைக் குடித்தால், அவனுடைய 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 130-லிருந்து 140 மில்லிகிராம் வரை ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு வைத்திருக்கும் எல்லை என்ன? 30 மில்லிகிராம்! ஒரே ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, உள்ளே போனாலே அந்த எல்லை தாண்டிவிடும். எட்டு சதவிகித ஸ்டிராங் பீர் ஒரு பெரிய பாட்டில் என்றால், எல்லைக்கு மூன்று மடங்கு வரை போகும். பீர் தண்ணீர் மாதிரி என்று சொல்லுகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளுகிறான்.

ஏறியது எப்போது இறங்கும்? ஈரல்தான் இதைக் கரைக்க வேண்டும். அது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் யாராலும் அவசரப்படுத்த முடியாது. எலுமிச்சம்பழம், மோர், கட்டங்காப்பி, தலையில் தண்ணீர், வெற்றிலை, வாந்தி என்று நம் ஜனங்கள் எத்தனையோ வைத்தியம் வைத்திருக்கிறார்கள். முகம் தெளியும், வாடை மறையும், இரத்தம் தெளியாது. நேரம் ஒன்றுதான் அதற்கு மருந்து.

ஐ.பி.எல். ஆட்டம் இரவு ஏழரைக்கு ஆரம்பமாகிறது. அப்போது தொட்டு, குவார்ட்டரை மெதுவாகக் குடித்து, ஒன்பதரைக்கு நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு ஆட்டம் முடிகிறது. இப்போதும் அவன் இரத்தத்தில் 75 அல்லது 80 இருக்கும். சட்ட எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! "நான் நிறுத்தி ரெண்டு மணி நேரமாச்சு அண்ணே, நல்லா தெளிவா இருக்கேன்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. தெளிவாக இருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். அதுதான் மதுவின் மோசமான குணம். கையைத் தளர வைப்பதற்கு முன்பே, கை தளர்ந்துவிட்டது என்று சொல்லும் புத்தியைத் தளர வைத்துவிடுகிறது.

ஆட்டோ, லோடு வேன் ஓட்டும் தோழர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இரவில் ஆஃப் பாட்டில் முழுவதும் குடித்தவனுக்கு, தூங்கி எழுந்து காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும்போதும் இரத்தம் எல்லைக்கு மேலேயே நிற்கும். "நேத்து குடிச்சது நேத்தோடு போச்சு" என்ற பேச்சு இங்கே செல்லாது.

நீங்கள் எல்லோரும் கிரிக்கெட் தெரிந்தவர்கள். பிட்ச் 22 கெஜம், அதாவது 20 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால், பாட்ஸ்மேனுக்குக் கிடைப்பது அரை விநாடிதான். அந்த அரை விநாடிக்குள் பார்த்து, தீர்மானித்து, மட்டையைக் கொண்டுவர வேண்டும். குவார்ட்டர் போட்டுவிட்டு அந்தப் பந்தை ஆடு என்றால், உங்களில் எவனாவது ஹெல்மெட்கூட இல்லாமல் கிரீஸில் போய் நிற்பானா? நிற்கமாட்டான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுகிறவன் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறான். பிரேக்கை மிதிக்க அரை விநாடி தாமதமானால், எட்டு மீட்டர் தள்ளிப்போய்த்தான் மிதிப்பான். அந்த எட்டு மீட்டருக்குள்தான் பெரியவரின் சைக்கிள் இருந்தது.

அதிலும் ஆட்டம் பார்த்த இரவு மற்ற இரவுகளைப் போன்றதல்ல. ஜெயித்தால் மூன்று பேர் ஒரே வண்டியில் ஏறி, கொடி பிடித்து, ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவார்கள். தோற்றால் ஆத்திரத்தோடு ஆக்ஸிலேட்டரைத் திருகுவார்கள். 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? ஆமதாபாத்தில் மழை. 29-ந் தேதி இரவு ஆரம்பித்த ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி, கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்த பிறகுதான் முடிந்தது. குடியோடு தூக்கக் கலக்கம், அதோடு வெறி, அதோடு காலியான சாலை. எல்லாம் ஒன்றாகச் சேருகிற இரவு அது.

இதில் சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் சம்பந்தமில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் சர்க்காரின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன்மூலம் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். டெலிவிஷனில் மது விளம்பரம் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. ஆனால் அதே பெயர், அதே எழுத்து, அதே நிறத்தில் சோடாவுக்கும் தண்ணீருக்கும் என்று விளம்பரம் வருகிறது. எந்தச் சோடாவை விற்கிறான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்! 2023-இல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுத்தவர்களுக்கு மெட்ரோ ரயிலில் இலவசப் பயணம் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மைதானத்தில் இடமில்லாமல் தெருவில் நின்று பார்க்கிற பல்லாயிரம் பேர் நள்ளிரவில் வீடு போக என்ன வழி? இறுதி ஆட்டத்து இரவுகளில் குடியிருப்புப் பகுதிகளுக்கும் பஸ் விடு என்று நாம் கேட்க வேண்டும். வண்டிகள் வரிசையாக நிற்கும் பார் வாசலில் சோதனை வை என்றும் கேட்க வேண்டும்.

கேட்போம். ஆனால் அடுத்த ஞாயிறுக்குள் அந்தப் பஸ் வரப்போவதில்லை. ஞாயிறு இரவு நம் தெருவில் யாரும் சாகாமல் இருக்க, யாரையும் கொல்லாமல் இருக்க நாம் என்ன செய்யப் போகிறோம்?

குடிக்காமல் ஆட்டம் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். அதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஆனால், நான் சொன்னவுடன் எல்லோரும் நிறுத்திவிடுவீர்கள் என்று நம்புகிற அளவுக்கு நான் பேதையல்ல. குடிப்பதை நிறுத்தும் பேச்சு நீண்ட நாள் வேலை. அதைத் தனியே நடத்துவோம். குடித்தவன் வண்டி ஓட்டாமல் தடுப்பது ஒரு நாள் வேலை. அதை இந்த ஞாயிறே செய்யலாம்.

என் யோசனைகள் இவை:

முதலாவது, ஆட்டம் ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு கும்பலிலும் ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். அன்றிரவு அவன் ஒரு சொட்டும் தொடமாட்டான். "கம்மியாகக் குடித்தவன் ஓட்டட்டும்" என்ற ஏற்பாடு வேண்டாம்; அது ஏற்பாடே அல்ல. கம்மியாகக் குடித்தவனும் குடித்தவன்தான். அடுத்த ஆட்டத்திற்கு வேறொருவன். முறை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1988-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் இந்த வழக்கத்தை டெலிவிஷன் நாடகங்கள் மூலமாகவே நாடெங்கும் பரப்பினார்கள். நல்ல வழக்கம் எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பையனைக் கேலி செய்யாதீர்கள். அவனுக்குப் பிரியாணியும் குளிர்பானமும் மற்றவர்கள் செலவு!

இரண்டாவது, வந்தவுடனே சாவி. போகும்போது வாங்கலாம் என்றால் நடக்காது, சண்டைதான் நடக்கும். உள்ளே வரும்போதே எல்லாச் சாவிகளையும் ஒரு டப்பாவில் வாங்கி, குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். என் பட்டறையில் ஆணி வைக்கிற டப்பா ஒன்று இருக்கிறது. ஞாயிறன்று அதை நானே கொண்டுவருகிறேன். பெயர் எழுதிய சீட்டோடு சாவி அதற்குள் போகும். குடித்தவனுக்கு மறுநாள் பகலில்தான் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது, ஆட்டோ. நம் ஸ்டாண்டுத் தோழர்கள் நாலு பேர் ஞாயிறன்று குடிப்பதில்லை என்று இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்றரைக்கு ஆட்டோக்கள் வந்து நிற்கும். கூலியை இலவசமாக எதிர்பார்க்காதீர்கள், அவர்களும் உழைப்பாளிகள். திரைக்கு வசூலிக்கும்போதே ஆட்டோவுக்கும் சேர்த்து வசூலியுங்கள். ஆட்டம் முடிந்தபின் பையைத் தடவினால் சில்லறைகூட இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நாலாவது, பாய். தூரத்திலிருந்து வந்தவன் இங்கேயே படுத்துக்கொள்ளட்டும். திரை கட்டுகிற வீட்டு மாடியில் இருபது பேர் படுக்கலாம். ராத்தங்கலுக்கு வீட்டில் சொல்லிவிட்டு வரச்சொல்லுங்கள். நடந்து போகிறவனையும் தனியே விடாதீர்கள். தள்ளாடிக்கொண்டு சாலையைக் கடப்பவனும் லாரிக்குத்தான் இரையாவான்.

ஐந்தாவது, சாப்பாடு. வெறும் வயிற்றில் குடிக்கவிடாதீர்கள். தண்ணீர் நிறைய வையுங்கள். சாப்பாடு போதை ஏறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஓட்டத் தகுதியானவனாக ஆக்கிவிடாது. 21 வயது ஆகாத பையன்கள் பக்கம் பாட்டில் போகவே கூடாது.

ஆறாவது, முரண்டு பிடிப்பவன். நாம் எத்தனை செய்தாலும் ஒருவன் வருவான். "என் வண்டி, என் உயிர், நீ யார் கேட்க?" என்பான். அவனோடு வாதாடாதீர்கள், ரோஷத்தைக் கிளறாதீர்கள். ஒருவன் பேச்சுக் கொடுக்கட்டும். இன்னொருவன் போய்ப் பிளக் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளட்டும். எத்தனை உதைத்தாலும் வண்டி கிளம்பாது! காலையில் என் பட்டறைக்கு வரட்டும். ஒரு பைசா வாங்காமல் நானே மாட்டித் தருகிறேன். இரண்டு நாள் என்னைத் திட்டுவான், திட்டட்டும். உயிரோடு இருப்பவன்தான் திட்ட முடியும்.

அவன் பின்னால் ஏறி உட்காருகிறவனுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 188-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவனுக்கும் அதே தண்டனை என்கிறது அது. 2019 திருத்தத்திற்குப் பிறகு தண்டனை என்ன? முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். லைசென்சும் போகலாம், ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அது போனால் அடுப்பு அணைந்தது என்று அர்த்தம். அந்தப் பிரிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்மீது எவரும் கேஸ் போடவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்த கை உடந்தை இல்லாமல் வேறென்ன?

எல்லாவற்றையும் மீறி எங்காவது விபத்து நடந்துவிட்டால், வேடிக்கை பார்க்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸ் தொல்லை வரும் என்ற பயம் இனி வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவி செய்பவனுக்கு 2019 திருத்தத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் செலவில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. இவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததனால் நாம் தயங்கி நிற்கிற பத்து நிமிஷத்தில் ஓர் உயிர் போய்விடும்.

தோழர்களே! ஒருவன் கூலிக்கு ஆபத்து என்றால் நாம் நூறு பேர் கூடி நிற்கிறோம். ஒருவன் குடிசைக்கு ஆபத்து என்றால் தெருவே எழுந்து நிற்கிறது. ஒருவன் உயிருக்கே ஆபத்து வரும்போது மட்டும் "அது அவன் சொந்த விஷயம்" என்று ஒதுங்குவது என்ன நியாயம்? பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவன் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறான் என்றால், பதினாலு பேர் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பெரியவரின் வீட்டம்மாள் இப்போது மார்க்கெட்டில் கீரை விற்கிறார். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கூப்பிட்டு, "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்பார். சாவியைக் கொடுத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. இன்றுவரை அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் இருக்கும் தெருவில் சொல்ல முடியாததை உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரும் என்னைப்போல் வாயடைத்து நிற்கும்படி நேரக்கூடாது என்பதற்காகவே சொன்னேன்.

ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு டப்பாவோடு வாசலில் நிற்பேன். ஆட்டத்தில் எவன் ஜெயித்தாலும் சரி, எவன் தோற்றாலும் சரி. திங்கட்கிழமை காலை நம் தெருவில் எல்லா வீட்டிலும் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். இரவு வேலைக்குப் போன ஒவ்வொருவரும் வீடு திரும்பியிருக்க வேண்டும். அதற்கு நீங்கள் சாவியைக் கொடுத்தால் போதும்.